வாசல் வரை வந்து



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள். கிரிக்கெட் பிடிக்காதவர்களும் படிக்கலாம், ஸ்கோரைப் பற்றி அதிகம் இல்லை. பல வருஷம் ஒரே இடத்தில் இருந்தவர்கள் அங்கிருந்து எப்படிக் கிளம்புகிறார்கள், நாம் அவர்களை எப்படி அனுப்பி வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான்.

2024 டிசம்பரில், மூன்று நாள் இடைவெளியில் சென்னை விமான நிலையத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். 16-ஆம் தேதி குகேஷ் வந்தார். சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்தை வென்றுவிட்டு வந்த 18 வயதுப் பிள்ளை. ஊரே திரண்டு போய் மாலை போட்டது. 19-ஆம் தேதி அஸ்வின் வந்தார். வயது 38. முந்தைய நாள்தான் பிரிஸ்பேனில், மூன்றாவது டெஸ்ட் டிராவில் முடிந்த கையோடு, சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலகுவதாகச் சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியத் தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி இருந்தது. அதற்கு நிற்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்களைச் சொல்லாமல் விட முடியுமா? 106 டெஸ்டில் 537 விக்கெட். வகுத்துப் பாருங்கள், ஒரு டெஸ்டுக்கு ஐந்துக்கு மேல் வருகிறது. இந்தியாவுக்காக இதைவிட அதிகம் எடுத்தவர் கும்ப்ளே மட்டும்தான், 619. ஆறு சதம் வேறு. அதில் ஒன்று நம் சேப்பாக்கத்தில், ஓய்வுக்கு மூன்று மாதம் முன்னால், வங்கதேசத்துக்கு எதிராக. அதே ஆட்டத்தில் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார்.

எண்ணில் வராத இரண்டு நாட்கள் உண்டு. 2021 ஜனவரியில் சிட்னி. முதுகுவலியில் குனிந்து ஷூ லேஸ்கூடக் கட்ட முடியாத நிலை. அப்படியே போய் விஹாரியோடு நின்று 128 பந்து ஆடித் தோல்வியைத் தடுத்தார். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட். 500-வது விக்கெட் எடுத்த அன்று இரவே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிவதற்குள் திரும்பிப் போய்ப் பந்தும் போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வழியனுப்பு ஆட்டம் என்று ஒன்று இல்லை. அவர் கடைசியாக ஆடிய அடிலெய்டு டெஸ்டின்போது அதுதான் கடைசி என்று பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. பிரிஸ்பேனில் அவர் ஆடவே இல்லை. சில நிமிஷம் பேசினார், கேள்விகள் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

ஆனால் மேற்கு மாம்பலத்துக்கு வந்தபோது, தெருவில் பேண்டு வாத்தியம் காத்திருந்தது. மாலை, பூ, அக்கம்பக்கத்து ஜனம். அப்பாவும் அம்மாவும் கட்டிக்கொண்டார்கள். ராமகிருஷ்ணபுரத்துத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த பையன் அவர். உலகம் முழுக்க 'கேரம் பால்' என்று பேசுகிறார்களே, நடுவிரலால் சுண்டி விடுகிற பந்து, அதற்கு நம் தெருப் பையன்கள் வைத்த பெயர் சொடக்கு பால். அங்கே ஆடிய ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்டேடியம் தராத வழியனுப்பைத் தெரு தந்தது.

அன்றைக்கே அவருடைய அப்பா டிவிக்காரர்களிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசிவிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், தானும் கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். மகன் விலகப்போவது தனக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும் என்றார். மகன் எத்தனை நாள்தான் அவமானத்தைப் பொறுத்துக்கொள்வான் என்றும் கேட்டுவிட்டார். ஊரெல்லாம் பரபரப்பு. அப்பாவுக்குப் பேட்டி கொடுத்துப் பழக்கமில்லை, அவரை விட்டுவிடுங்கள் என்று மகன் கேலியும் பாசமுமாக எழுதி அதை முடித்து வைத்தார்.

பிறகு தன் யூடியூப் சேனலில் இன்னொன்றும் சொன்னார். அணியில் எனக்கு இடம் இல்லை என்றால், வழியனுப்புக்காக மட்டும் ஒரு ஆட்டம் ஆட எனக்கு விருப்பமில்லை என்கிற அர்த்தத்தில். நியாயமான பேச்சு, தன்மானம் உள்ளவர் பேச்சு. இருந்தாலும் எனக்கு அந்த அப்பாவின் முகம்தான் மனதில் நின்றது. மகனுக்கு வேண்டாம், சரி. வருஷக்கணக்கில் வெயிலில் கூட்டிக்கொண்டு அலைந்த அப்பாவுக்கு? அவர் கேலரியில் உட்கார்ந்து, இதுதான் கடைசி ஓவர் என்று தெரிந்து பார்த்திருந்தால், டிவிக்காரர்களிடம் அந்த வார்த்தை வந்திருக்குமா?

அஸ்வினுக்குப் பிறகு யார் என்பதும் நம் ஊர்க் கதைதான். அந்த அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் சென்னைப் பையன், அவரும் ஆஃப் ஸ்பின்னர். அந்த ஆட்டத்தில் அஸ்வினும் ஆடினார். அடுத்த மாதம் பெர்த் டெஸ்டில் இடம் வாஷிங்டனுக்குப் போனது, பெரியவர் வெளியே உட்கார்ந்தார். இது எந்த வேலையிலும் நடப்பதுதான். ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

இடம் கைமாறுவதில் என் மனதுக்குப் பிடித்த கதை ஆனந்துடையது. 2013-இல் இதே சென்னையில், சொந்த ஊர் ஜனம் பார்க்க, உலகப் பட்டத்தை கார்ல்சனிடம் இழந்தார். அந்தப் போட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஏழு வயதுக் குகேஷும் இருந்தான். அப்புறம் ஆனந்த் தொடங்கிய அகாடமியில் அந்தப் பையனுக்கு வழிகாட்டுதல் கிடைத்தது. 1986-இலிருந்து 37 வருஷம் இந்தியாவின் முதல் ரேட்டிங் ஆனந்துடையதாகவே இருந்தது. 2023 செப்டம்பரில் அதைத் தாண்டியது அவர் கைபிடித்துவிட்ட அதே குகேஷ். ஆனந்த் 'ஓய்வு' என்று அறிவிக்கவே இல்லை. ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டார், பிள்ளைகளுக்கு இடம் விட்டார். நான் சொல்லிக்கொடுத்த பையன் நான் திணறுகிற கணக்கைப் போட்டுவிட்டால் வருகிற சந்தோஷம் ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். ஓரத்தில் ஒரு சின்ன வலியும் இருக்கும், அதையும் மறைப்பானேன்?

மூன்றாவது கதை சரத் கமல். கிரிக்கெட் அளவுக்கு இவரை யாரும் பேசுவதில்லை. அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர்கள். இவர் பத்து முறை தேசிய சாம்பியன். ஏதென்ஸிலிருந்து பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பதினாறு வருஷம் கழித்து பர்மிங்காமில், 40 வயதில், மறுபடியும் அதே தங்கம்! டோக்கியோவில் மா லாங் என்ற மாபெரும் ஆட்டக்காரரிடம் தோற்றாலும் ஒரு கேமைப் பறித்தார். பாரிஸில் சிந்துவோடு சேர்ந்து தேசியக் கொடி பிடித்தார்.

2025 மார்ச் தொடக்கத்தில், இந்த மாதக் கடைசியில் சென்னையில் நடக்கும் போட்டிதான் என் கடைசி என்று முன்கூட்டியே சொன்னார். முதல் போட்டியை ஆடியதும் சென்னையில்தான், முடிப்பதும் சென்னையில் என்றார். அதனால் எல்லாருக்கும் தேதி தெரிந்திருந்தது. நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு வர நினைத்தவர்கள் வர முடிந்தது. கடைசி ஆட்டத்தில் சினேஹித் என்ற, தன்னைவிட மிகவும் இளைய இந்திய வீரரிடம் நேர் செட்டில், 0-3, தோற்றார். தோற்றுப் போகிற அன்றைக்கே ஊர் எழுந்து நின்று கைதட்டி அனுப்பியது. அந்த இளைஞனுக்கும் அது வாழ்நாள் பாடமாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், என் மாணவர்கள் பலருக்கு இப்போது 50 வயது. உங்களில் சிலருக்கு அந்த நாள் பக்கத்தில் வந்துவிட்டது. சிலருக்கு நீங்கள் கேட்காமலேயே வந்துவிட்டது.

எங்கள் காலத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. வாத்தியார்களுக்கு வருஷ நடுவில் வயது முடிந்தாலும் கல்வியாண்டு முடியும் வரை விடமாட்டார்கள். அதனால் பிள்ளைகள் லீவுக்குப் போவதற்கு முன்பே விழா வைத்துவிடுவோம். சால்வை, வாழ்த்து மடல், குரூப் போட்டோ, வடை, டீ. ஆபீஸ் பணியாளர்களுக்கு அப்படி இல்லை. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் வேலை முடிந்துவிடும். எங்கள் பள்ளியில் மணி அடித்த அண்ணனுக்கு அது செப்டம்பர் 30. காலாண்டு லீவு. பள்ளியில் யாரும் இல்லை. "எனக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்த பிளஸ் டூ பிள்ளைகள்தான் அன்றைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. லீவு நாளில், மணிக்கே அவசியமில்லாத நேரத்தில், "அண்ணா, எங்களுக்காக ஒரு தடவை" என்று கேட்டு மணி அடிக்க வைத்தார்கள். அவர் டிபன் பையை ஒருத்தி தூக்கிக்கொண்டாள். லஸ் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து, பஸ் நகரும் வரை நின்றார்கள். ஒரு பையன் எடுத்த போட்டோ இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது அவர் மனைவிதான். அவர் முப்பது வருஷம் எங்கே போய் வந்தார், அங்கே அவருக்கு என்ன மரியாதை என்று அந்த அம்மாவுக்குச் சொன்னது அந்த ஒரு படம்.

போன மாதம் ஒரு மாணவன் போன் செய்தான். பெயர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டுவிட்டே எழுதுகிறேன். ஐ.டி. கம்பெனியில் 22 வருஷம். ஒரு மத்தியானம் பதினைந்து நிமிஷ வீடியோ கால். சாயங்காலம் மெயில் திறக்கவில்லை. லேப்டாப்பை வாங்கிப் போக மறுநாள் கூரியர்காரர் வந்துவிட்டார். "பணம்கூட பரவாயில்ல டீச்சர், கணக்கு சரியாத்தான் குடுத்தாங்க. என் டீம்ல ஒருத்தர் மூஞ்சியக்கூடப் பாக்கல. மறுநாள் காலைல வழக்கம்போல சட்டை போட்டுட்டு உக்காந்தேன். பசங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான்.

அவன் செட் பிள்ளைகள் இருவரிடம் பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் அவன் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். அவனிடம் வேலை கற்ற மூன்று இளைஞர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் பேசினாள். வேலையில் சேர்ந்த முதல் வருஷம், தான் செய்த ஒரு தவறுக்கு நள்ளிரவு மூன்று மணி வரை கூட உட்கார்ந்து சரி செய்ததையும், மறுநாள் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அவனுடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அம்மாவின் காதில், "அப்பா இதெல்லாம் சொன்னதே இல்லையேம்மா" என்றாளாம். பசங்களிடம் சொல்ல முடியாமல் தவித்த விஷயத்தை அந்தப் பெண் அவனுக்காகச் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன். போகிறவர் எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார். பெரும்பாலும் நல்லவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டில் ஒரு அப்பா இருப்பார், மனைவி இருப்பார், மகள் இருப்பாள். அவருடைய நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போகிற ஒரு இளைஞன் இருப்பான். இந்த இரண்டு தரப்புக்கும் அந்த அரைமணி நேரம் தேவைப்படுகிறது.

பெரிய மண்டபம் வேண்டாம். சால்வை ஏற்கெனவே எல்லார் வீட்டு பீரோவிலும் மடித்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள். அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், மேலதிகாரி பேசாவிட்டால் குடி முழுகிப் போகாது. "கடின உழைப்பாளி, அன்பானவர்" என்று பொதுவாகச் சொல்லாமல், நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும். அவர் கிளம்பும்போது வாசல் வரை போங்கள்.

உங்கள் ஆபீஸிலோ, பிளாட்டிலோ, பக்கத்துக் கடையிலோ இந்த மாதம் யார் கிளம்புகிறார்கள்? வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, மேனேஜராக இருந்தாலும் சரி. என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், வழக்கம்போல எழுத்துப் பிழைக்கு மார்க்கும் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்