படித்துறைக் காவல்

குடும்ப ரகசியங்கள் ஜவுளிக் கடையில்தான் வெளிப்படுகின்றன என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

தங்கை பெண்ணுக்கு முதல் உத்தியோகம். ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ளத் துணி எடுக்க நானும் என் மனைவியும் உடன் போயிருந்தோம். கடைக்காரர் பாலியெஸ்டரை விரித்துப் போட்டு, "கசங்காது ஸார், இஸ்திரியே வேண்டாம்" என்றார். அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை டெரிலீன் 1941-ல் இங்கிலாந்தில் பிறந்தது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்று அதற்குப் பழக்கமில்லை. வேர்வையை உறிஞ்சாது. பெண் புத்திசாலி, நாலும் பருத்தியாகவே எடுத்தாள்.

பில் போடும் சமயத்தில் என் மனைவி மெல்லக் கேட்டாள்: "நீச்சல் டிரஸ் இருக்கா?"

"பேத்திக்கா அம்மா?"

"எனக்குத்தான்."

அவளுக்கு வயது 62. பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, ஊருக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும், அண்ணன்மார் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகுவார்கள். படித்துறையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிமணிகளைக் காவல் காப்பது இவள் வேலை. பெண் குழந்தைக்கு நீச்சல் எதற்கு என்பது வீட்டுத் தீர்ப்பு. முப்பத்தைந்து வருஷம் என்னுடன் குடித்தனம் நடத்தியவள், இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

முழங்கால் வரை மூடும் கறுப்பு உடுப்பு ஒன்று கிடைத்தது. பாலியெஸ்டர்தான்! தண்ணீரில் நானும் கட்சி மாற வேண்டியதாயிற்று. பருத்தி குடிக்கிற தண்ணீரெல்லாம் காலில் கனக்குமே.

முதல் பாடம், முகத்தை அமிழ்த்தி மூச்சை ஊதி விடுவதாம். மூன்று நாளாக வாளியில் ஒத்திகை நடக்கிறது. காலைக் காப்பி அரை மணி தாமதம்.