ஆளைச் சொல்லாத வினை

இத்தாலிய மொழியில் 'பர்லாரே' என்றால் பேசுதல். 'பர்லோ' பேசுகிறேன், 'பர்லி' பேசுகிறாய், 'பர்லா' பேசுகிறான் அல்லது பேசுகிறாள். விகுதியே ஆளைச் சுட்டுவதால் எழுவாய் வேண்டியதில்லை. தமிழருக்கு இது வீட்டு வழக்கம்.

திருவனந்தபுரத்துத் தெருவில் அவ்வழக்கம் மாறிவிடுகிறது. மலையாளத்தின் 'வந்நு' என்ற ஒற்றைச் சொல் வந்தேன், வந்தாய், வந்தாள் அனைத்தையும் சுமக்கிறது. இந்நகரில் ஆசிரியராயிருந்த ஏ. ஆர். ராஜராஜவர்மா, 1896இல் வெளிவந்து 1917இல் திருத்தம் பெற்ற 'கேரளபாணினீய'த்தில், தமிழினின்று மலையாளத்தைப் பிரித்துக்காட்டும் ஆறு நயங்களுள் ஒன்றாக இதனைக் கொண்டார். 'புருஷபேத நிராசம்' என்பது அவர் இட்ட பெயர்.

இதைச் சிதைவு என்று இரங்கும் தமிழர் உண்டு. அவர்களுக்கு இத்தாலியமே மறுமொழி தருகிறது. ஐயத்தையும் விருப்பத்தையும் உணர்த்தும் 'கொன்ஜுன்டீவோ' வினையில், நிகழ்கால ஒருமையின் மூவிடத்துக்கும் 'பர்லி' ஒன்றே. யார் என்பது மயங்கினால் 'நான்', 'நீ' என்பவை திரும்பி வரவேண்டும்.

தமிழ் மட்டும் விலக்கா? 'வந்தேன்' என்பதில் ஆள் இருக்கிறார். 'வரவில்லை', 'வரலாம்', 'வரவேண்டும்' என்பவற்றில் இல்லை. தமிழ் சில இடங்களில் செய்வதை மலையாளம் எங்கும் செய்கிறது; அவ்வளவே. அண்டை மொழியைப் பழிக்குமுன், தம் நாவிலிருந்து நாள்தோறும் பிறக்கும் 'இல்லை'யை ஒருமுறை செவிமடுப்பது நன்று.