அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகள்

மார்ச் 27, 2020, வெள்ளி

பெங்களூரு கோல்ஸ் ரோட்டில் திறந்திருந்த மெடிக்கல் ஷாப் எதிலும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இல்லை. கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் தடுப்பாகச் சாப்பிடலாம் என்று இந்த வாரம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொன்னது. கேட்டவர்களெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டார்கள். சீட்டில்லாமல் விற்காதபடி நேற்று எச்1 பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தங்கைக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். அவளிடம் சீட்டு இருக்கிறது, மாத்திரைதான் இல்லை. அமெரிக்காவில் 1955-லேயே லூபஸுக்கு அனுமதி பெற்ற மருந்து இது. அவளைப் போன்றவர்களுக்கு அன்றாடச் சோறு மாதிரி.

ஏப்ரல் 9, வியாழன்

காக்ஸ் டவுனிலிருந்து தெரிந்தவர் ஒருவர் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அம்மா சாமி படத்தடியில் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 25, சனி

நோன்பு தொடங்கிவிட்டது. மசூதி ரோட்டில் ஒரு கபாப் கடைகூட இல்லை. வீட்டில் வேறொரு அதிர்ச்சி: வாங்கி வந்த அட்டையில் பாதிக்குமேல் மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன.

"இவ்ளோ பாடுபட்டு வாங்கினது, போடறதுக்கு என்னடி கஷ்டம்?" என்றாள் அம்மா. தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளிப்பதும் தலைவாருவதுமே அவளுக்குப் பெரும்பாடாகி வாரங்களாகின்றன. ஸ்டீராய்டால் உப்பிய முகத்தைப் பார்க்க விரும்பாமல் கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாள். இதை அலட்சியம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடம்பைவிட்டு மெல்லத்தான் இறங்கும். ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாற்பது நாள் போல ஆகும். நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று சோர்ந்த மனம் நம்பிவிட அது போதும். ஆனால் 1991-ல் வெளிவந்த கனடா ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. நோய் அடங்கியிருந்த 47 பேரில் சிலருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. 24 வாரங்களில், நிறுத்தியவர்களிடம் நோய் மறுபடி கிளம்பும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது.

மே 2, சனி

போனில் டாக்டர். ஊரடங்கு தொடங்கிய அன்றே தொலைபேசி மருத்துவத்துக்கு விதிமுறை வந்தது எங்களுக்கு வரம். அவர் மாத்திரையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "தூக்கம் எப்படிம்மா? எதுலயாவது மனசு போகுதா? வாழவே வேண்டாம்னு தோணுதா?" தங்கை வெகுநேரம் பேசாமலிருந்து, அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

மனச்சோர்வு லூபஸோடு கூடவே வரலாம். நோய் மூளையைத் தொட்டும் வரலாம், ஸ்டீராய்டாலும் வரலாம், ஓயாத வலியாலும் வரலாம். 1999-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி வகுத்த 19 நரம்பு-மனப் பாதிப்புகளில் மனநிலைக் கோளாறும் ஒன்று. அப்படியிருக்க, மூட்டையும் சிறுநீரையும் சோதிக்கிற ஒவ்வொரு முறையும் மனதையும் விசாரிக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதையாவது விடாமல் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மே 10, ஞாயிறு

இன்று உலக லூபஸ் நாள். மனநல மருத்துவர் புது மாத்திரை எழுதியிருக்கிறார், பலன் தெரியச் சில வாரமாகுமாம். காலை மாத்திரையை நான் கையில் கொடுப்பது என்றும், மற்ற நேரத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை என்றும் தங்கையே ஏற்பாடு சொன்னாள். அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

மத்தியானம் தானாகவே கேட்டாள்: "அக்கா, இது ரெண்டும் சேர்ந்தா இதயத்துடிப்பு மாறுமாமே, டாக்டர்கிட்ட கேட்டியா?" கேட்டேன். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு அப்படி ஆகலாம், அதனால் ஈசிஜி ஒன்று எடுத்துவிடுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை போகிறோம்.