வேஷம் போட்டது யார்?

ஆங்கில ஹாஸ்ய நாடகங்களில் நம்மை மிகவும் சிரிக்க வைத்தது எது என்று யாரேனும் கேட்டால், சற்றும் தயங்காமல் ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதிய "ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர்" என்று சொல்லிவிடுவோம். தமிழில் "பணிந்து வென்றாள்" என்று பெயர் வைக்கலாம். கல்லூரி நாட்களில் அதை முதன்முதலாகப் படித்தபோது நாம் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைக்காரர் என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டினார். பிறகு உபாத்தியாயராகி, பரீட்சை முடிந்த ஓய்வு நாட்களில் அந்தக் கதையை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதை வழக்கமாக வைத்துக்கொண்டோம். சென்ற வருஷம் ஒரு மாணவி கேட்ட கேள்வியால் அந்தச் சிரிப்பில் ஒரு சிறிய அபசுரம் விழுந்துவிட்டது.

முதலில் கதை. ஹார்ட்காஸில் என்பவர் நாட்டுப்புறக் கனவான். அவர் மகள் கேட்டைப் பார்ப்பதற்காக, பழைய நண்பரின் குமாரன் மார்லோ, ஹேஸ்டிங்ஸ் என்னும் தோழனுடன் வருகிறான். வழியில் டோனி என்னும் குறும்பன் குறுக்கிடுகிறான். ஹார்ட்காஸிலின் மனைவிக்கு முதல் கலியாணத்தில் பிறந்த பிள்ளை அவன். தன் வீட்டையே தங்கும் விடுதி என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறான். அப்புறம் கேட்க வேண்டுமா? மாமனாராக வரவேண்டியவரை விடுதிக்காரர் என்று நினைத்து, இராச் சாப்பாட்டுக்கு என்னென்ன உண்டு என்று பட்டியல் கேட்கிறான் மாப்பிள்ளை. கோல்ட்ஸ்மித்தே பிள்ளைப் பிராயத்தில் அயர்லாந்திலுள்ள ஆர்டா என்ற ஊரில் ஒரு கனவான் வீட்டை விடுதியென்று நம்பி ஏமாந்ததாகச் சொல்லுவதுண்டு.

இந்த நாடகம் மேடையேறுவதே பெரும்பாடாயிற்று. கவன்ட் கார்டன் நாடகசாலையின் நிர்வாகி கோல்மன், இது நிச்சயம் தோற்றுப் போகும் என்றே எண்ணியிருந்தார். பேர்பெற்ற நடிகர்கள் சிலர் வேஷங்களை வேண்டாமென்று தள்ளினார்கள். டாக்டர் ஜான்ஸன் விடாமல் பக்கபலமாக நின்றார். 1773-ம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி அரங்கேற்றம் நடந்தது. கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த வருஷமே ஆசிரியர் காலமாகிவிட்டார்.

மார்லோவுக்கு ஒரு விசித்திரமான வியாதி. தன் அந்தஸ்துள்ள பெண்களைக் கண்டால் நா எழாது. பணிப்பெண்களைக் கண்டாலோ துணிச்சல் தானாக வந்துவிடும். கேட்டை முதலில் சந்திக்கும்போது அவன் தலை நிமிரவேயில்லை. அவளும் பெரிய தொப்பி அணிந்திருந்தாள். ஆகவே, பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்காமலே போனான்!

கேட்டும் அவள் தந்தையும் செய்துகொண்டிருந்த ஓர் ஒப்பந்தத்தை இங்கே கவனிக்க வேண்டும். காலையில் அவள் தன் இஷ்டம்போல் நாகரிக உடை உடுத்தலாம். மாலையில் தந்தையின் திருப்திக்காக எளிய வீட்டு உடை உடுத்த வேண்டும். அந்த மாலை உடையில் அவளைக் கண்டுதான், விடுதிப் பணிப்பெண் என்று மார்லோ மயங்குகிறான். மற்ற நாடகங்களில் கதாநாயகிகள் மீசை ஒட்டிக்கொண்டும் ஆண் உடை தரித்தும் பாடுபடுவார்கள். கேட்டோ தன் வீட்டில், தன் சொந்த உடையில், தன் சொந்த முகத்தோடு நிற்கிறாள். குரலையும் பேச்சையும் சற்றே மாற்றிக்கொண்டால் அவளுக்குப் போதுமாயிருக்கிறது. மற்ற வேலையையெல்லாம் மார்லோவின் கண்களே செய்துவிடுகின்றன.

பணிப்பெண் என்று நினைத்தவுடன் அவனுடைய கூச்சம் பறந்துவிடுகிறது. சரஸமாகப் பேசுகிறான், முத்தம் கேட்கிறான், கையைப் பற்றி இழுக்கிறான். அந்தச் சமயத்தில் தந்தை உள்ளே வந்துவிடுகிறார். கொட்டகையில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கும் கட்டம் இது.

வகுப்பிலும் சிரித்தார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அவள் நிஜமாகவே வேலைக்காரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஸார்?" என்றாள்.

இருபது வருஷமாக இந்த நாடகத்தோடு பழகியும் நமக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. நாம் எப்போதும் கேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் யார் என்று தெரிந்த தைரியத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் நமக்கும் ஒரு பெண் வளர்ந்து வருகிறாள். அதனாலும் கேள்வி உறைத்திருக்கலாம். மறுநாள் பதில் சொல்லுவதாகக் கூறிவிட்டு, இரவு மறுபடியும் புத்தகத்தை எடுத்தோம்.

கோல்ட்ஸ்மித் இதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை. அவள் ஒழுக்கமுள்ளவள் என்று தெரிந்தால் அவளைக் கெடுக்க முயலுகிற கடைசி மனிதன் தானாகத்தான் இருப்பான் என்று மார்லோ தோழனிடம் சொல்லுகிறான். விடுதியல்ல, ஹார்ட்காஸிலின் வீடு என்று தெரிந்ததும் வெட்கிக் குன்றிப்போகிறான். அந்த இடத்தில் கேட் செய்கிற காரியம் மிகவும் நுட்பமானது. உண்மையை உடைத்துவிடாமல் ஒரே ஒரு படி ஏறுகிறாள்: தான் பணிப்பெண் அல்ல, இந்த வீட்டை அண்டிப் பிழைக்கும் ஏழை உறவுக்காரி என்கிறாள், அவன் விடைபெறும்போது கண்ணீர் விடுவதுபோல் நடிக்கிறாள். அவன் மனம் இளகுகிறது. ஆனாலும், குலமும் செல்வமும் படிப்பும் நடுவில் நிற்கும்போது கௌரவமான கலியாணத்துக்கு வழியில்லை என்று சொல்லிப் பிரிகிறான்.

பிறகு, தகப்பன்மார் இருவரும் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்க, அதே ஏழைப் பெண்ணின் முன் மண்டியிட்டு, தன் பழைய விளையாட்டுத்தனத்துக்கெல்லாம் மரியாதையான நடத்தையால் ஈடு செய்வதாக வேண்டுகிறான். அப்போது அவனுக்கு நாக்குக் குழறவில்லை, கையும் நீளவில்லை. சீமாட்டிகளுக்கு ஒன்று, பணிப்பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு வேஷங்களை அத்தனை காலமும் போட்டுத் திரிந்தவன் அவன்தான் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கியது.

கேட்டின் தோழி கான்ஸ்டன்ஸின் காதலும் நாடகத்தில் உண்டு. அவளுடைய நகைகள் அத்தையின் பிடியில் இருக்கின்றன. அத்தை சம்மதமின்றிக் கலியாணம் செய்தால் நகை போய்விடும். அத்தைக்கோ அவளைத் தன் பிள்ளை டோனிக்குக் கட்டிவைக்க ஆசை. டோனிக்கு 21 வயது நிறைந்ததைக்கூட அதற்காக மறைத்து வைத்திருக்கிறாள். ஹேஸ்டிங்ஸ் பிரான்ஸுக்கு ஓடிவிடலாம் என்கிறான். கான்ஸ்டன்ஸ் கடைசியில் ஓடவில்லை, நகையோடு கலியாணம் செய்துகொள்ளுகிறாள். அவளுடைய விவேகத்தை நாம் மெச்சுகிறோம். என்றாலும் அந்தக் காட்சிகளைச் சற்று விரைவாகவே புரட்டிவிடுவோம்.

மறுநாள் வகுப்பில் நம்முடைய பதிலைச் சொன்னோம். கேட் உண்மையிலேயே ஏழையாக இருந்தாலும் மார்லோ மணந்திருப்பான். மண்டியிட்டபோது அவள் பணக்காரி என்று அவனுக்குத் தெரியாதே என்றோம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"அது ஏழைச் சொந்தக்காரிக்கு, ஸார். நான் வேலைக்காரியைத்தானே கேட்டேன்?" என்றாள்.

நாடகத்தில் உண்மையான வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாள். பெயர் பிம்பிள். மார்லோ ஏமாந்த செய்தியைக் கேட்டிடம் கொண்டு வருகிறவள் அவளே. கடைசிக் காட்சியில் இரண்டு ஜோடிகளும் கைகோத்து நிற்கும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தோம். அங்கே அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்கப்படவில்லை.