சார், அது தண்ணியா, ‘தண்ணி’யா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் மகள் முகநூலில் போட்ட படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். படத்தில் என் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்த 1998 செட் பையன் ஒருவன், “சார், அது தண்ணியா, ‘தண்ணி’யா?” என்று கேட்டிருந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கண் மட்டும் அன்றைக்கும் கூர்மை, இன்றைக்கும் கூர்மை.

பதில்: இரண்டும்தான். போலந்து மொழியில் ‘வோடா’ என்றால் தண்ணீர். அதையே செல்லமாகச் சுருக்கி ‘குட்டித் தண்ணி’ என்று சொன்னால் அதுதான் வோட்கா. அவர்கள் உச்சரிப்பது ‘வுட்கா’ என்று. ஆக, மதுவைத் ‘தண்ணி’ என்று சொல்வது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு மட்டுமில்லை.

உறவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மைத்துனர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். “இத்தனை வருஷம் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன், பேத்தி முன்னாடி இது தேவையா?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் ஏன் தொடாமல் இருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது எனக்கு 15 வயது. எங்கள் ஊரிலும் சாராயக் கடை வந்தது. அப்பா மாலையில் வேலை முடிந்து நேராக அங்கே போவார். உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வார். நாக்கில் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். 1974-ல் கடையை மூடினார்கள். அப்பா கள்ளச் சாராயத்துக்குப் போனார். நான் ஆசிரியர் பயிற்சி முடிப்பதற்குள் அவரே போய்விட்டார். அடித்தார், உதைத்தார் என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் பேசவே இல்லை, அதுதான். அப்பாவும் நானும் உட்கார்ந்து பத்து வார்த்தை தொடர்ச்சியாகப் பேசிய நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அதனால் மது என்றால் என் மனதில் வருவது வாடையோ சத்தமோ இல்லை. மௌனம்தான்.

இப்போது கிராக்கோவுக்கு வருகிறேன். மகளும் மருமகனும் இங்கே ஆறு வருடமாக இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாத விசாவில் வந்திருக்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மகளும் மருமகனும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு. பகலெல்லாம் நானும் ஜன்னலும்தான். எதிர்வீட்டுப் பெரியவரை மாடிப்படியில் தினமும் பார்ப்பேன். அவர் தொப்பியைத் தொடுவார், நான் கும்பிடுவேன். அவருக்கு 74 வயது, மனைவி இல்லை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் என்று பேத்தி விசாரித்துச் சொன்னாள். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் உறவு உங்களுக்குத் தெரியாததா! ஆய்வகச் சாவிக்குச் சண்டை போட்டாலும் டீ குடிக்கப் போவது ஒன்றாகத்தான்.

போன வாரம் அவருடைய ‘பெயர் நாள்’. இங்கே நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் அச்சிட்டிருக்கும். உங்கள் பெயர் வரும் நாளில் வீட்டுக்கு ஆள் வருவார்கள். வயதானவர்கள் பலருக்குப் பிறந்தநாளைவிட இதுதான் முக்கியம். எங்களையும் அழைத்தார். மகள் பூ வாங்கிப் போகச் சொன்னாள்; ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் வாங்க வேண்டுமாம், இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு. நாம் மொய் 101, 501 என்று எழுதுகிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேசையைப் பார்த்தால் முதலில் சாப்பாடுதான் கண்ணில் பட்டது. எண்ணெயில் ஊறிய மத்தி மாதிரியான மீன், மேலே வெங்காயம். உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காய்; நம்ம ஊர் உப்பு நெல்லிக்காயின் சித்தப்பா பிள்ளை போல இருந்தது. கம்பு மாதிரியான ‘ரை’ தானிய ரொட்டி. காய்கறியை வேகவைத்துப் பொடியாக நறுக்கிப் பிசைந்த சாலட். நடுவில் இரண்டு புட்டிகள். பேத்திக்குப் பழங்களை வேகவைத்து எடுத்த ‘கோம்போட்’.

முதல் புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்து வந்தார். வெளியே பனி படிந்திருந்தது, உள்ளே திரவம் அப்படியே இருந்தது. உறைநிலைத் தாழ்வு என்று 12-ஆம் வகுப்பில் மண்டையில் அடித்துச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? 40 விழுக்காடு ஆல்கஹால் கலந்த நீர் உறைய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மைனஸ் 27 டிகிரி வேண்டும். வீட்டு உறைபெட்டி மைனஸ் 18-தான். ‘போலந்து வோட்கா’ என்று புட்டியில் போட வேண்டுமானால் அது போலந்து மண்ணில் விளைந்த ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ், டிரிட்டிகேல் ஆகிய தானியங்களில் அல்லது உருளைக்கிழங்கில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது 2013 முதல் அங்கே சட்டம். நம்ம மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருப்பது போல ஐரோப்பாவில் இதற்கும் உண்டு.

இரண்டாவது புட்டிக்குள் ஒரு புல் நின்றது. ‘ஜுப்ரூவ்கா’ என்று பெயர். பெலாரஸ் எல்லையில் பியாவோவியேஜா என்ற பழங்காடு இருக்கிறது, ஐரோப்பியக் காட்டெருமை வாழும் இடம். அந்தப் பக்கத்தில் வளரும் புல்லைச் சேர்த்துத் தயாரிப்பது. மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டினார். அறுத்துப் போட்ட வைக்கோல் வெயிலில் காயும்போது வருமே, அதே வாசனை. கூமரின் என்ற சேர்மம் செய்கிற வேலை. எங்கோ பனி பெய்யும் ஊரில் எங்கள் களத்துமேடு வந்து நின்றது.

“பான் ஒரு குவளை எடுத்துக்கொள்வாரா?” என்று கேட்டார். பேத்திதான் மொழிபெயர்ப்பு. இங்கே மரியாதைக்குரியவரிடம் பேசும்போது ‘நீங்கள்’ கிடையாது. ‘பான்’, அதாவது ஐயா, என்று சொல்லிப் படர்க்கையில் பேசுவார்கள். நம்ம அலுவலகங்களில் “சார் காபி சாப்பிடுறாரா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்களே, அது மாதிரி.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். குடிக்காததற்குக் காரணம் கேட்டால் சர்க்கரை, மாத்திரை என்று ஏதாவது சொல்வதுதான் என் வழக்கம். அன்று ஏனோ உள்ளதைச் சொன்னேன். பேத்தி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அவர் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஊற்றவில்லை. பிறகு அவர் கதையைச் சொன்னார்.

இங்கே 100 மி.லி., 200 மி.லி. குட்டிப் புட்டிகளுக்கு ‘மௌப்கா’ என்று பெயர். குட்டிக் குரங்கு என்று பொருள். சட்டைப்பையில் அடங்கும். காலையில் வேலைக்குப் போகிற வழியிலேயே வாங்கி, ஒளிந்து குடித்து, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2021 முதல் 300 மி.லி.க்கு உட்பட்ட புட்டிகளுக்கு அரசு தனிக் கட்டணம் போட்டிருக்கிறது. அவருடன் வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் ஒருவர் அந்தக் குரங்கிடம்தான் போய்ச் சேர்ந்தாராம். “பெரிய புட்டியைத் திறக்க நாலு பேர் வேண்டும். குட்டிக் குரங்குக்கு யாருமே வேண்டாம். அதுதான் பயம்” என்றார். எனக்கு நம்ம ஊர் 180 மி.லி. குவார்ட்டர் நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்து நின்ற அப்பாவும்.

அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உள்ளே வோட்கா கூடாது என்று அவர்களே தடை போட்டதைச் சொன்னார். 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்த காலத்தில் இறைச்சி, சர்க்கரை போல வோட்காவுக்கும் ரேஷன் அட்டை. பகல் ஒரு மணிக்கு முன்னால் கடையில் விற்கக் கூடாது என்றும் விதி. இவர் தன் வோட்கா கூப்பனைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வாங்கியிருக்கிறார். நான் நம்ம ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையைச் சொன்னேன். முழங்கால் வலி, காட்டில் காளான் பொறுக்குவது, சாக்பீஸ் தூசியில் வந்த இருமல், பேசாத பிள்ளைகள், வெள்ளரிக்காய் ஊறப்போட உப்பு எவ்வளவு, எல்லாம் பேசினோம். ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் மணி பார்க்க மறந்துபோனது. மனைவி போன பிறகு இந்த மூன்று வருடத்தில் எனக்கு இது நடக்கவில்லை.

அப்புறம் நானே குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன். பாதி ஊற்றச் சொன்னேன். 25 மி.லி. இருக்கும். எல்லோரும் எடுத்த பிறகு, கண்ணைப் பார்த்து, “நா ஸ்ட்ரோவியே” என்று சொல்லி ஒன்றாகக் குடிக்க வேண்டும். ‘ஆரோக்கியத்துக்கு’ என்று பொருள். தனியாக உறிஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஒரு துண்டு வெள்ளரிக்காய். தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கி நெஞ்சில் சூடாக நின்றது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளரிக்காய் அதைவிட நன்றாக இருந்தது.

எழுந்து கிளம்பும்போதுதான் முக்கியமான விஷயம் நடந்தது. அவர் பேத்தியிடம் ஏதோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, “தாத்தா, உங்களை ‘நீ’ன்னு கூப்பிடலாமான்னு கேக்கிறார்” என்றாள். இதற்கு இங்கே ஒரு சடங்கே இருக்கிறது. ‘ப்ருதெர்ஷாஃப்ட்’ என்பார்கள், ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல், சகோதரத்துவம் என்று அர்த்தம். மூத்தவர்தான் கேட்க வேண்டும். இருவரும் குவளை பிடித்த கையைக் கையோடு கோத்துக் குடித்து, கட்டிக்கொண்டு, அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். அன்று முதல் ‘பான்’ கிடையாது, ‘நீ’தான். இரண்டாவது அரைக் குவளை அதற்காக. புல் நின்ற புட்டியிலிருந்து.

இதிலே என்ன இருக்கிறது என்று இளையவர்கள் நினைக்கலாம். 34 வருடம் நான் ‘சார்’. ஓய்வு பெற்ற பிறகும் பால்காரருக்கு, வங்கியில், கோயிலில், எல்லோருக்கும் சார். நீங்கள் அன்பாகத்தான் கூப்பிடுகிறீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. வீட்டில் அப்பா, மாமா, தாத்தா. மனைவிக்கு ‘ஏங்க’. என்னை “டேய்” என்று கூப்பிட மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான். போன வைகாசியில் அவளும் போய்விட்டாள். காரியம் முடிந்து திரும்பும்போது, இனிமேல் இந்த உலகத்தில் என்னை ஒருமையில் கூப்பிட ஆளில்லை என்று பேருந்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்தேன். அவருக்கும் அதே கதைதான். மேல்நிலைப் பள்ளி ஆசிரியரை இங்கே ‘ப்ரொஃபெசர்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். நாற்பது வருடம் அவர் ப்ரொஃபெசர். அன்று அவர் என் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். நான் அவர் பெயரை அதைவிட மோசமாகச் சொன்னேன். இரண்டு கிழவர்கள் மாடிப்படியில் நின்று சிரித்ததில் மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

ஆய்வகத்தில் 50 மி.லி. ஆல்கஹாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்து, எவ்வளவு வரும் என்று உங்களைக் கேட்பேனே? நூறு என்று கத்துவீர்கள். அளந்தால் 96, 97-தான் இருக்கும். ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று போய் உட்கார்ந்துகொள்ளும். மனிதர்களும் நெருங்கி உட்கார்ந்தால் கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பட்டம், பதவி, சார், ப்ரொஃபெசர் எல்லாம் அந்த மூன்று நாலு மி.லி.

இனி வாத்தியாராகச் சில வார்த்தை. “சாரே குடிச்சிருக்கார்” என்று இந்தப் பதிவை வீட்டில் காட்டாதீர்கள். அன்று நான் குடித்தது மொத்தம் 50 மி.லி.; அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 16 கிராம். அதைக் கரைக்கவே கல்லீரலுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதுவரை தொடாதவர்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாலையில் வோட்காவுக்குப் பதில் சுக்குக் காபி இருந்திருந்தாலும் பேச்சு அதேதான்.

நான் எழுதுவது உங்களில் சிலருக்காக. யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். ஊருக்கு வரும்போது உங்கள் மனைவிமார் என்னிடம் அழுதிருக்கிறார்கள். நீங்கள் குடிப்பது மட்டுமில்லை அவர்கள் கவலை. தனியாகக் குடிப்பதும், பேசாமல் வந்து படுப்பதும்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் 15 வயது ஆகிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்களை “டேய்” என்றோ “ஏடி” என்றோ கூப்பிட உரிமையுள்ளவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். காரணம் எதுவும் வேண்டாம்.

தை பிறக்கும்போது ஊரில் இருப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். உப்பு வெள்ளரிக்காய் செய்முறை எழுதி வாங்கியிருக்கிறேன், ஜாடியில் போட்டு வைக்கிறேன். வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்