அம்மா ஏறிய கப்பல்

பழவேற்காட்டில் எங்க காலனி ஜனங்களுக்குக் கப்பல் புதுசில்லை. லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் கடற்கரைக்குப் போய் நின்றால், எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வந்து நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கிற கப்பல்களின் விளக்கு ராத்திரியில் வரிசையாய்த் தெரியும். எங்க ஆயா இடுப்பில் என்னை வைத்துக்கொண்டு ‘கப்பல் பாரு, கப்பல் பாரு’ என்று காட்டித்தான் சோறு ஊட்டியிருக்கிறாள். புதுசு என்னவென்றால், எங்களில் ஒருத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலில் பயணியாக ஏறியது. அது எங்கம்மா. துணைக்கு நான்.

ஏற்பாடு தம்பியுடையது. கேட்டரிங் படித்துவிட்டு ஆறு வருஷமாக ஒரு வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலில் சமையல்கூடத்தில் இருக்கிறான். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, காய்கறி நறுக்குகிற இடம்வரை வந்திருக்கிறான். “நான் கப்பல்ல வேல செய்றேன்னு சொல்றே, அதுல இன்னாதான்டா கீது?” என்று அம்மா ஒருமுறை கேட்டது அவன் மனசில் தங்கிவிட்டது. 2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’ கப்பலைத் தொடங்கி வைத்தார். புதுச்சேரியில் நிறுத்த அனுமதி கிடைக்காமல் அது பேப்பரிலெல்லாம் அடிபட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி எங்கிருந்தோ பணம் அனுப்பினான். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம்வரை கப்பல், திரும்ப ரயில். ‘இந்தக் காசுக்கு வீட்டுக்கு ஓடு மாத்தலாம்’ என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஏரியில் இறால் தடவுகிறவள். மார்பளவுத் தண்ணியில் குனிந்து, சேற்றில் இரண்டு கையையும் துழாவி, கையில் அகப்படுகிற இறாலைப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி ஓலையில் முடைந்தது. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். கெளுத்தி முள் குத்தும், சிப்பி கிழிக்கும், நகக்கண் அழுகும். இதில் படகு இல்லை, வலை இல்லை. ஏன் இல்லை என்று வெளியூர்த் தோழர்கள் கேட்பார்கள். ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் சுத்து வலை போடலாம் என்பதைக் குப்பத்துத் தலைக்கட்டுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிற முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று அதற்கென்று உரிமையுள்ள ஊர்கள் உண்டு. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை வந்து பார்த்து, ஜனங்களே நடத்துகிற அருமையான பொதுச்சொத்து நிர்வாகம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அருமைதான். அந்தப் பொதுவில் நாங்களும் இல்லை, இருளரும் இல்லை. பட்டினவர் வலை போடுவார்கள்; நாங்கள் கையால் தடவுவோம். ஒரே ஏரி, ஒரே இறால்.

கப்பல் சாயங்காலம் புறப்படுவதற்கு முன்பு எல்லாரையும் கூட்டி, மணி அடித்து, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும், உயிர்காப்பு உடுப்பை எப்படி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினார்கள். மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனித்தாள். முடிந்ததும், “அன்னிக்கு இது இருந்திருந்தா அந்தப் புள்ளைங்க பொழச்சிருக்கும்” என்றாள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்த குடும்பங்களை ஏற்றிப்போன படகு எங்கள் ஏரியில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குழந்தைகளும் அதில். ஒருத்தர் உடம்பிலும் இந்த உடுப்பு கிடையாது. அதன்பிறகுதான் உல்லாசப் படகுக்குத் தடை போட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது உள்ளறை. மலிவானது. கதவைத் திறந்ததும் அம்மா நான்கு சுவரையும் தடவிப் பார்த்தாள். “இன்னாடி இது, ஜன்னலே இல்ல. கடலு எங்க கீது?” ஜன்னல் உள்ள அறைக்கு ஒரு விலை, பால்கனி உள்ளதற்கு ஒரு விலை, அதற்கும் மேலே பெரிய அறைகளுக்கு ஒரு விலை. 1990-இல் பிரான்சில் கட்டிய கப்பல் இது. பதினொரு தளம், எண்ணூறு அறை வாக்கில். தம்பி வேலை செய்கிற கப்பலில் ஐயாயிரம் பயணிகள் ஏறுவார்களாம். அவன் கணக்கில் இது சின்னக் கப்பல். எங்கள் கண்ணுக்கு இதுவே பொன்னேரி அளவுக்கு இருந்தது. யாருக்கு எந்தத் தெரு என்பதும் பொன்னேரி மாதிரியே தெளிவாக இருந்தது. வித்தியாசம், இங்கே காசு இருந்தால் தெரு மாறலாம்.

இருட்டுகிற நேரத்தில் மேல்தளத்துக்குப் போனோம். பாட்டு, ஆட்டம், நீச்சல் குளத்தைச் சுற்றிக் கூட்டம். கடல் நடுவில் நல்ல தண்ணியைத் தொட்டியில் கட்டி வைத்துக் குளிக்கிறார்களே என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. நாங்கள் கரைப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அனல்மின் நிலையப் புகைபோக்கி விளக்கு, அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் வெளிச்சக் காடு. அதைத் தாண்டினதும் நீளமாய் இருட்டு. அந்த இருட்டில் விட்டுவிட்டு ஒரு வெளிச்சம் மின்னியது. “நம்ம லைட்ஹவுஸுடி” என்றாள் அம்மா. அறுபது வருஷமாக அதைக் கரையிலிருந்து பார்த்தவள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம ஊரு எவ்ளோ இருட்டா கீது” என்றாள்.

2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன துறைமுகம் அது. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக அதை விரிக்கிற திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டுப் பக்கம் ஜனங்கள் திரண்டார்கள். 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த பொதுக்கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. அந்தக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன், பேசியுமிருக்கிறேன். ‘மீனவர் வாழ்வாதாரம்’ என்றுதான் பேசினேன். மேடையில் அந்த ஒரு சொல்தான் செல்லுபடியாகும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்குக் கணக்கெடுத்தபோதும் அதே சொல்தான் அளவுகோல். படகு போனவனுக்குப் படகு, வலை போனவனுக்கு வலை. பறி போனவளுக்கு என்ன? எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. துறைமுகத்தால் ஏரி முகத்துவாரம் அடைபட்டால் தடவுகிறவளின் நஷ்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று நான் அந்த மேடையில் கேட்டிருக்க வேண்டும். போராட்டத்தில் பிளவு வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு. பெரிய கூடம். எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வெங்காயம் பூண்டு சேராத ஜைனச் சாப்பாடு தனி, மற்றது தனி. அம்மா நேராக இறால் தட்டுக்குத்தான் போனாள். ஒன்றை எடுத்து, வாலைத் திருப்பி, விரலால் அமுக்கிப் பார்த்து, “வளத்த எறா. ஏரி எறா இல்ல” என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் எங்க பக்கமெல்லாம் இறால் பண்ணை போட்டு நிலத்தையும் கிணற்றையும் உப்பாக்கினார்கள். சர்வோதய ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அப்புறம் சட்டத்தை மாற்றினார்கள், வன்னாமி வந்தது, பண்ணையும் திரும்பி வந்தது. இதையெல்லாம் நான் தாளில் படித்தேன். அம்மா விரலில் படித்திருக்கிறாள்.

எங்கள் மேசையில் எதிரே சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். அந்த அம்மாள், “எந்த ஊர் நீங்க?” என்றார். பழவேற்காடு என்றேன். “ஓ, மீனவங்களா! அதான் அம்மாவுக்குக் கடல் பயமே இல்ல” என்றார்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். பத்து வருஷமாக மேடையேறி ‘அடையாளத்தை அறிவி, தலை நிமிர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். அந்த நிமிஷத்தில் ‘ஆமாங்க’ என்று சொல்லத்தான் என் வாய் திறந்தது. மீனவர் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டுமே, இரண்டு நாள்தானே, இங்கே எதற்கு என்று இருந்தது. எங்களை மீனவர் என்று யாராவது தப்பாக நினைத்தால் அது எங்களுக்கு ஒரு படி உயர்வு. அந்த உயர்வை வேண்டாம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

அம்மா முந்திக்கொண்டாள். “மீனவரு இல்லீங்க. அவுங்க குப்பத்துல இருப்பாங்க. நாங்க காலனி. எறா தடவுறவங்க” என்றாள். கையை நீட்டி, சேற்றில் துழாவுகிற மாதிரி செய்தும் காட்டினாள். தட்டுகளுக்கு நடுவில், அந்த வெள்ளைத் துணிமேல்.

அந்த அம்மாள் “அப்படியா” என்றார். அதற்குப் பிறகு பேச்சு வெயிலைப் பற்றிப் போயிற்று. மறுநாள் காலையில் அவர்கள் ஜன்னலோரம் வேறு மேசையில் இருந்தார்கள். கடல் தெரிகிற இடம் என்பதற்காகவும் இருக்கலாம். எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாமல் வைத்துக் கொல்வதுதான் பட்டணத்துச் சாதியின் சாமர்த்தியம். ஊரில் இருக்கிறவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் மணிப்பூர்க்காரன். துண்டை மடித்து அன்னப்பறவை மாதிரி செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான். அம்மா அதைக் கலைக்கவே இல்லை. முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டாள். விடியற்காலையில் எழுந்து படுக்கையை அவளே தட்டி மடித்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். “நாம படுத்த துணிய இன்னொருத்தன் மடிக்கணுமா?” தம்பி போனில் பதறினான்: “அதெல்லாம் செய்யாதம்மா, அந்தப் பையனுக்குத்தான் திட்டு விழும்.” அவனிடம் அம்மா ஒன்று கேட்டாள், அவன் தூங்குவது எங்கே என்று. தண்ணி மட்டத்துக்குக் கீழே, இரண்டு பேருக்கு ஒரு ரூம், ஜன்னல் கிடையாது என்றான். “நீயும் அப்டிதான் கீறியா” என்றாள். அதன்பிறகு எங்கள் ஜன்னலில்லாத அறையைப் பற்றி அவள் குறை சொல்லவேயில்லை.

அன்று முழுக்கக் கடல். எனக்குப் பழைய கப்பல்களின் நினைப்பு. பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக்காரர் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கிய தூணோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய அதே கம்பெனி, அந்த நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் அங்கிருந்து மனிதர்களை அடிமைகளாக வாங்கிப் பத்தேவியாவுக்கு ஏற்றியது. ஆயிரக்கணக்கில். இன்றைக்கு அது ஜகார்த்தா. வாங்கின கை டச்சுக் கை, பிடித்துக் கொடுத்த தரகுக் கை நம்ம நாட்டுக் கை. அவர்களுக்கு யாரும் தூண் செதுக்கவில்லை. அப்புறம் ‘ராஜுலா’. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். கட்டின காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி. பாய் விரித்த இடம்தான் அறை. எங்க ஆயாவின் அண்ணன் ஒருவர் அப்படி மலேயா போனவர், கடிதாசி இரண்டு வந்தது, ஆள் வரவில்லை. அதன்பிறகு அந்த வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்து ஜனங்கள் செத்தார்கள். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பயந்ததாம். பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். ஒன்றும் போய்விடவில்லை.

விசாகப்பட்டினத்தில் இறங்கும்போது அந்த மணிப்பூர்ப் பையன் கையில் அம்மா நூறு ரூபாயை மடித்துத் திணித்தாள். அவன் ‘மேடம், மேடம்’ என்றான். “மேடம் இல்லடா, ஆயா” என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

ஊருக்கு வந்ததும் காலனிப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாந்தி வந்துதா, கக்கூசு எப்படி, தம்பி கப்பலும் இப்படித்தானா என்று ஆயிரம் கேள்வி. அம்மா துண்டில் செய்த அன்னத்தைப் பற்றி அரைமணி நேரம் சொன்னாள். “ரெண்டு நாளு கடல்ல இருந்தேன்டி, காலு நனையல” என்று அவளே அதிசயப்பட்டாள். அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராத்திரி பாயில் படுத்தபிறகு நானே கேட்டேன். “அந்த அம்மா கேட்டப்ப அப்படி சொல்லிட்டியேம்மா, ஒனக்கு ஒண்ணும் தோணலியா?”

“கேட்டாங்க, சொன்னேன். அதுல இன்னா கீது” என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டு, “நீதான் பாவம், வேத்துப்போயி குந்திகினு இருந்தே. ஏசி ரூம்ல” என்றாள்.