எச்சில் படாதது

‘பாதிப்பு’ என்ற சொல்லை நாம் ஒரு வியாதியின் பெயரைப்போலவே உபயோகித்து வந்திருக்கிறோம். யாரிடம் யாருடைய பாதிப்பு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் விமர்சனக் காரியம் முடிந்தது. ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதியபோது நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கி ‘எச்சில்’ என்றே எழுதினேன். மூன்று முன்னோடிகளின் எச்சில். எந்தப் பக்கத்தில் எவருடையது என்ற விவரத்தோடு. நண்பர்கள் ரசித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதி நான் எங்கும் பார்க்கவில்லை. காரணம் என் மதிப்புரைதான் என்று நினைக்குமளவுக்கு என் எழுத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அது மறுபடி என்முன் வந்து நின்றது ஒரு பூச்சி விஷயமாக.

வீட்டு ஜன்னல் சட்டத்தில், தாழ்ப்பாள் விழுந்துபோன இடத்தில், சுண்டுவிரல் நுழையுமளவுக்கு ஒரு துவாரம். சென்ற வருஷம் ரோஜாச் செடியின் இலைகளில் ஓரம் ஓரமாக யாரோ கத்தரித்தெடுத்த மாதிரி வட்டங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. வெட்டிய துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறிய தேனீ அந்தத் துவாரத்துக்குள் போயிற்று. இலைவெட்டித் தேனீ. நீளத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஓர் அறை. வயிற்று ரோமத்தில் அப்பிக்கொண்டு வரும் மகரந்தத்தையும் பூத்தேனையும் குழைத்து அதில் வைத்து, மேலே ஒரு முட்டை. வட்டத் துண்டுகளால் மூடி. பிறகு அடுத்த அறை. ராணி இல்லை, கூட்டம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. சில வாரங்களில் அது செத்துப்போகும். பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதில்லை; பிள்ளைக்கும் தாயைத் தெரியாது.

தேனீ என்றாலே நமக்குக் கூடுதான் ஞாபகம் வருகிறது. உலகிலுள்ள ஏறக்குறைய 20,000 வகைத் தேனீக்களில் மிகப் பெரும்பான்மை இப்படித் தனியாக வாழ்பவைதான். இந்தத் தகவல் எனக்கு ஒருவித குதூகலத்தைக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோஷ்டி இல்லாத, குரு இல்லாத, சிஷ்யன் இல்லாத ஜீவன். நாம் பேசிவந்த லட்சிய எழுத்தாளன் என் ஜன்னலிலேயே வந்து குடியிருக்கிறான்!

குதூகலம் அதிக நாள் நிலைக்கவில்லை. பூச்சியைப் பற்றித் தேடிப் படிக்கப்போய், அதன் வயிற்றிலும் கூட்டிலும் இருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படிக்கும்படி ஆயிற்று.

கூட்டமாக வாழும் தேனீயின் கதை எளிது. அறையிலிருந்து புதிதாக வெளிவரும் தேனீயின் குடலில் அநேகமாக எதுவும் இராது. சில நாட்களுக்குள், மூத்தவற்றோடு உரசியும், அவை புழங்கியதைப் புழங்கியும், அவற்றின் கழிவிலிருந்தும், எட்டொன்பது வகை பாக்டீரியாக்கள் அதனிடம் வந்து குடியேறிவிடுகின்றன. பொதுவாக எங்கே எடுத்துப் பார்த்தாலும் அதே கூட்டம். சுத்தமான எச்சில் சம்பிரதாயம். அந்த எச்சிலைத்தான் நாம் சாமிக்கு அபிஷேகம் செய்கிறோம். இன்னொரு கோடியில், தேனீயைக் கொன்று தன் பிள்ளைக்கு உணவாக வைக்கும் ஓர் ஐரோப்பியக் குளவி இருக்கிறது. அது தன் உணர்கொம்புச் சுரப்பிகளில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து, பிள்ளை கிடக்கும் மண்ணறையின் கூரையில் வெள்ளையாகப் பூசிவிட்டுப் போகிறது. புழு அதை எடுத்துத் தன் கூட்டின் இழையில் சேர்த்துக்கொள்கிறது; பூஞ்சை அண்டுவதில்லை. 2005ல் வெளிவந்த விஷயம். பாட்டு வித்வான் வீட்டுப் பரம்பரை மாதிரி.

தனித் தேனீயிடம் இந்த இரண்டும் இல்லை. அப்படியானால் அதன் வயிறு காலியா? இல்லை. 2012ல் க்வின் மெக்ஃப்ரெடரிக்கும் மற்றவர்களும் கேட்டது இதைத்தான்: உறவிலிருந்து வருகிறதா, சூழலிலிருந்து வருகிறதா? கூட்டத் தேனீக்களைப் போலன்றி, இவற்றிடம் இருந்த அமிலப் பாக்டீரியாக்கள் பூக்களிலிருந்து வந்தவையாகத் தெரிந்தன. பூ என்பது பொது இடம். முன்னே வந்துபோன வண்டும் ஈயும் வேறு தேனீயும் விட்டுச்சென்றதையெல்லாம் தாய் மகரந்தத்தோடு வாரிக்கொண்டு வந்து, தன் வயிற்றிலிருந்து கக்கிய தேனில் குழைத்து, பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போகிறது. இந்தப் பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு 2018ல் சார்லஸ் மிச்னரின் பெயரை வைத்தார்கள். உலகத் தேனீக்கள் அனைத்தையும் ஒரே புத்தகத்தில் வகைப்படுத்தியவர், 2015ல் காலமானார். வாழ்நாளெல்லாம் தேனீயைப் பார்த்தவரின் பெயர் தேனீயின் குடலில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020ல் அந்தப் பாக்டீரியாவின் குடும்பப் பெயரையும் மாற்றி அபிலாக்டோபசில்லஸ் என்று ஆக்கினார்கள்.

என்னை நிறுத்தியது 2019ல் வந்த ஒரு பரிசோதனை. பிரார்த்தனா தரம்பால், ஷான் ஸ்டெஃபன் முதலானோர் செய்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ஆஸ்மியா ரிபிஃப்ளோரிஸ் என்ற தனித் தேனீயின் புழுக்களுக்குக் கிருமி நீக்கிய மகரந்தத்தை வெவ்வேறு விகிதங்களில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சத்து அதே சத்துதான். ஆனால் கிருமி நீக்கிய பங்கு கூடக்கூடப் புழுக்கள் இளைத்தன, வளர்ச்சி தாமதப்பட்டது, அதிகமாகச் செத்தன. மகரந்தத்தில் ஊறிக்கிடக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்துதான் அதற்கு ஆகாரம் என்கிறார்கள்.

ஒரே இனம், ஒரு பரிசோதனை. அதை இலக்கியத்துக்கு உவமையாக்கிவிடும் அவசரம் எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், அந்த இளைஞரிடம் நான் கேட்டது அந்தக் கிருமி நீக்கிய உருண்டையைத்தான் என்பதை எப்படி மறுப்பது? பி.ஏ. வகுப்பில் ஸ்விஃப்ட் 1704ல் வெளியிட்ட புத்தகச் சண்டையைப் படித்திருக்கிறேன். அதில் சிலந்தி, தன் கோட்டை முழுக்கத் தன் வயிற்றிலிருந்தே வந்தது என்று பீற்றிக்கொள்ளும். பரீட்சையில் தேனீயின் கட்சியை எடுத்து எழுதியவன், மதிப்புரையில் சிலந்தியின் கட்சியில் நின்றிருக்கிறேன்.

ஆனால் இதன் மறுபாதியும் உண்டு. மகரந்தத்தோடு எல்லாமே வரும். இலைவெட்டித் தேனீயின் புழுக்களைக் கொல்லும் ‘அஸ்கோஸ்ஃபேரா’ என்ற பூஞ்சையும் அந்த உணவோடுதான் உள்ளே போகிறது. புழு விறைத்துச் செத்துக் கிடக்கும். ஆகவே எச்சில் எல்லாம் அமிர்தம் என்று இப்போது கட்சி மாறிவிட நான் தயாராயில்லை. என் மதிப்புரையின் குற்றம், பாதிப்பைக் கண்டுபிடித்தது அல்ல. யாருடையது என்று கேட்டதோடு நின்றுவிட்டேன். அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கவில்லை.

தொகுதியைத் தேடியெடுத்துப் படித்தேன். பென்சிலால் நான் கோடிட்ட இடங்கள் பதினான்கு. அவற்றில் ஐந்தில், முன்னோடியின் சொல் புளித்து, நுரைத்து, அவர் கனவிலும் நினைத்திராத ஒன்றாக ஆகியிருக்கிறது. இரண்டில் சந்தேகமில்லாமல் பூஞ்சை. மீதி ஏழையும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.